இரைப்பைச் செல்களின் பிணைப்பை ஆராய எது ஏற்றது: செல் வரிசையா, ஆர்கனாய்டா?

இரைப்பையின் உட்படலச் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது பெரிதும் ஈ-கேடெரின் என்னும் புரதத்தால். அதுவும் கால்சியம் இருந்தால்தான். ஈ.ஜி.எஃப். போன்ற வளர்ச்சிக் காரணிகள் அந்தப் பிடியை எப்படித் தளர்த்துகின்றன என்று சோதிக்கச் சென்னையில் எங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன: புற்றுக்கட்டியிலிருந்து உருவாகி ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல் வரிசை, அல்லது திசுத் துணுக்கிலிருந்து வளர்க்கும் குட்டி உறுப்பு போன்ற முப்பரிமாணச் செல்திரளான ஆர்கனாய்டு. நாங்கள் தேர்ந்தது செல் வரிசையை. என் சாய்வும் அந்தப் பக்கமே. ஆர்கனாய்டு இயல்பான திசுவுக்கு நெருக்கமானது, செல் வரிசை மலிவானது என்பவற்றில் வாதத்துக்கு இடமில்லை.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வளர்ப்பு ஊடகம். மனித இரைப்பை ஆர்கனாய்டை உயிரோடு வைத்திருக்கும் வழக்கமான ஊடகத்தில் ஈ.ஜி.எஃப்., எஃப்.ஜி.எஃப்.-10, ஆர்-ஸ்பாண்டின், நாகின், காஸ்ட்ரின் முதலிய சமிக்ஞைப் பொருள்கள் ஏற்கெனவே கலந்திருக்கின்றன; இன்னொரு வளர்ச்சிக் காரணியான டி.ஜி.எஃப்.-பீட்டாவின் செயல்வழியை அடைக்கும் மருந்தும் பெரும்பாலும் சேர்க்கப்படுவதால், அந்தக் காரணியைப் பற்றிய கேள்வியை அங்கே எழுப்பவே முடியாது. செல்களைத் தாங்கும் மேட்ரிஜெல் என்னும் கூழ் சுண்டெலிக் கட்டியிலிருந்து எடுக்கப்படுவது. வளர்ச்சிக் காரணி குறைத்த வகையிலும் அவை அடியோடு நீங்குவதில்லை. எந்தப் பொருளின் விளைவைத் தேடுகிறோமோ அதிலேயே ஊறிக் கிடக்கும் செல்லிடம் அதை மேலும் ஊற்றினால் என்ன தெரியும்? செல் வரிசையிலோ, முந்தைய இரவே சீரத்தை (வளர்ச்சிக் காரணிகள் கலந்த இரத்த நீர்மத்தை) விலக்கிவிட்டு மறுநாள் ஈ.ஜி.எஃப். சேர்த்தால், சில நிமிடங்களில், ஈ-கேடெரினைச் செல்லுக்குள்ளிருந்து பற்றும் கேடெனின் புரதங்களின் டைரோசின் என்னும் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறுவதையும், அதன்பின் ஈ-கேடெரின் செல்லுக்குள் இழுக்கப்படுகிறதா என்பதையும் காலவரிசையில் தொடரலாம்.

ஆனால் எந்தச் செல் வரிசையும் உதவும் என்பதில்லை. பல ஆய்வகங்களில் எளிதில் கிடைக்கும் ஏ.ஜி.எஸ். செல்களில் ஈ-கேடெரினே கிடையாது. எம்.கே.என்.-45 செல்களில், எச்.ஜி.எஃப். என்னும் வளர்ச்சிக் காரணியை உணரும் ஏற்பிப் புரதத்துக்கான மெட் மரபணு பல படிகளாகப் பெருகியிருப்பதால், எச்.ஜி.எஃப். இல்லாமலே அந்த ஏற்பி விழித்திருக்கும். எம்.கே.என்.-28 என்று வழங்குவது உண்மையில் எம்.கே.என்.-74 என மரபணு அடையாளச் சோதனைகள் காட்டிவிட்டன. ஈ-கேடெரினுடன் நெருங்கி வளரும் என்.சி.ஐ.-என்.87 வரிசையை எடுத்துக்கொண்டோம். அதில் ஈ.ஜி.எஃப். ஏற்பியின் உறவுப் புரதத்துக்கான ஹெர்-2 மரபணு பெருகியிருப்பதால், ஈ.ஜி.எஃப்.-க்கு அது காட்டும் எதிர்வினையை இயல்பான இரைப்பையின் எதிர்வினையாக நான் எழுத மாட்டேன்.

இன்னொரு குறையும் உண்டு. ஈ.ஜி.எஃப். ஏற்பி பெரும்பாலும் செல்லின் அடிப்புறத்திலும் பக்கங்களிலும் இருக்கிறது; மேட்ரிஜெல்லில் வளரும் ஆர்கனாய்டில் அடிப்புறம் வெளியே நோக்குவதால் காரணி நேராகச் சென்று சேர்கிறது. செல் வரிசையைத் துளைச் சவ்வின் மேல் வளர்த்துக் கீழிருந்து காரணி ஊட்டினால்தான் அந்த வசதி கிட்டும்.

ஆர்கனாய்டை நாங்கள் சிறிது காலமே வளர்த்தோம்; கைதேர்ந்தவர்கள் அதைத் தட்டையான ஓரடுக்காகப் பரப்பி, ஈ.ஜி.எஃப்.-ஐக் குறுகிய நேரம் விலக்கிப் பார்க்கக்கூடும். ஈ-கேடெரினை உருவாக்கும் சி.டி.எச்.1 மரபணுவில் பிறவிக் குறையுள்ள குடும்பத்தினரின் திசுவை ஆராய்வதென்றால் நானும் ஆர்கனாய்டையே எடுப்பேன், ஏனெனில் அங்கே கேள்வி அந்தக் குறையைப் பற்றியது; ஒப்பிடப்படும் இரண்டு ஆர்கனாய்டுகளும் ஒரே ஊடகத்தில் இருந்தால் போதும்.