சாட்டிலைட் டிராக்கிங் ஆப் – நல்லாத்தான் இருக்கு, ஆனா டேட்டா பழசானா டைமிங் போச்சு

மூணு மாசமா ஐஎஸ்எஸ் (சர்வதேச விண்வெளி நிலையம்) பாக்குறதுக்கு இந்த ஆப்தான். மேப் அழகு, அலாரமும் ஓகே, ஆனா டிஎல்இ டேட்டாவ (சாட்டிலைட் எந்தப் பாதைல சுத்துதுன்னு சொல்ற நம்பருங்க) தானா அப்டேட் பண்ணாது, அது எத்தனை நாள் பழசுன்னும் காட்டாது, இதுதான் எனக்கு பெரிய கடுப்பு. 400 கிமீ உயரத்துலயும் லேசா காத்து இருக்குங்க, அந்த இழுவைல ஐஎஸ்எஸ் மாசத்துக்கு சுமார் 2 கிமீ இறங்குது, இறங்க இறங்க ஒரு சுத்துக்கான நேரம் குறையும், கணக்கு போட்டத விட இழுவை கூடுச்சுன்னா சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்துடும். டிஎல்இல பிஸ்டார்னு ஒரு நம்பர்தான் இழுவைக்கு, ஆனா அடுத்த வாரம் சூரியப் புயல் வந்து மேல் வளிமண்டலம் சூடாகி உப்புனா அந்த நம்பர் செல்லாது. 2022 பிப்ரவரில புதுசா ஏவின 49 ஸ்டார்லிங்க் இன்டர்நெட் சாட்டிலைட்ல 40 கிட்ட விழுந்து எரிஞ்சு போனது இப்படித்தான். பத்து நாள் பழைய டேட்டாவ நம்பி கேமரா செட் பண்றதுக்குள்ள ஐஎஸ்எஸ் பாதி வானம் தாண்டிடுச்சு, மனசே விட்டுப்போச்சு. கையால அப்டேட் பண்ணேன், மறுநாள் டைமிங் கச்சிதம். 5க்கு 3. டேட்டா தேதிய மட்டும் ஸ்க்ரீன்ல காட்டுங்க ப்ளீஸ், 5 போடுறேன்.