வெள்ளைக் கூடமா, மழை இரவா, பழைய சரக்குக் கப்பலா?

வீட்டு அலுவலக அறையை அறிவியல் புனைகதைப் படத்தின் சாயலில் மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது நீல எல்இடி பட்டை. நானும் அதைத்தான் வாங்கினேன். சுவரோரமாக ஐந்து மீட்டர் ஒட்டி, குழல் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால், அதே பீரோ, அதே நாற்காலி, அதே காலண்டர் எல்லாம் நீலமாகத் தெரிந்தன. அறை மாறவில்லை. அதன்பிறகுதான் பிடித்த படங்களை மறுபடி போட்டு, கதையை விட்டுவிட்டுச் சுவரையும் கூரையையும் மட்டும் கவனித்தேன். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, சுவர் எதனால் ஆனது, அந்த இடத்துக்கு வயது என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு படத்திலும் தெளிவான பதில் இருந்தது. நிறம் அதற்குப் பின்னால்தான் வந்தது.

அந்தப் பதில்களில் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் மூன்று வழிகளை இங்கே எடை போடுகிறேன். '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' (1968) காட்டும் வெண்மை, 'பிளேட் ரன்னர்' (1982) காட்டும் மழை இரவு, 'ஏலியன்' (1979) படத்தின் சரக்குக் கப்பல். வெள்ளை அறையில் எட்டு மாதம் வேலை பார்த்தேன். கப்பலில் இப்போது இருக்கிறேன். மழை இரவு, படத்தொகுப்பாளரான என் நண்பரின் அறை. அங்கே பல இரவுகள் உட்கார்ந்திருக்கிறேன். என் அறை சென்னை பெரம்பூரில் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறது. பத்துக்குப் பத்து அடி, மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல், நடுவில் மின்விசிறி. புத்தகப் பக்க வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தலும் என் தொழில். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் எழுத்தை உற்றுப் பார்க்கும் வேலை.

வெண்மை

ஸ்டான்லி குப்ரிக்கின் விண்வெளி நிலையக் கூடத்தில் தரை, சுவர், கூரை எல்லாம் வெள்ளை. நடுவே சிவப்பு நாற்காலிகள் சில. பிரெஞ்சு வடிவமைப்பாளர் ஒலிவியே மூர்க் 1960களின் நடுவில் உருவாக்கிய 'ஜின்' நாற்காலிகள் அவை. படத்தின் கடைசி அறையில் தரையே விளக்காக எரிகிறது. இந்தக் காட்சிகளின் தனித்தன்மை, நிழல் ஏறக்குறைய இல்லாமல் இருப்பது. வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து வராமல் பரப்பிலிருந்து வருகிறது. இந்த எளிமைக்குப் பின்னால் இருந்த உழைப்பு மிகப் பெரியது. அதே படத்துக்காக 38 அடி விட்டமுள்ள சுழலும் அரங்கு ஒன்றை 7,50,000 டாலர் செலவில் கட்டினார்கள்.

வீட்டில் இதைச் செய்யும் வழி, பால் நிற அக்ரிலிக் தாளுக்குப் பின்னால் எல்இடி பட்டைகளை நெருக்கமாக ஒட்டுவது. தாளுக்கும் பட்டைக்கும் நடுவே குறைந்தது நான்கு விரல் இடைவெளி வேண்டும்; இல்லாவிட்டால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒளியின் நிறம் 4000 கெல்வின், சிஆர்ஐ எனப்படும் நிறத் துல்லிய அளவு 90க்கு மேல் இருந்தால் அச்சுத் தாளின் வண்ணம் மாறாமல் தெரியும். மெய்ப்புத் திருத்துவதற்கு இதைவிடச் சிறந்த வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. றகரத்தின் வளைவும் னகரத்தின் சுழியும் தாளிலிருந்து எழுந்து நிற்பதுபோல் இருக்கும்.

ஆனால் நம் வீட்டுக் கூரையில் மின்விசிறி இருக்கிறது. ஒளிப் பலகையைக் கூரையின் நடுவில் பதித்தால் இறக்கைகள் வெளிச்சத்தை வெட்டிக்கொண்டே இருக்கும். மேசைமீது இடைவிடாமல் நிழல் துடிக்கும். அரைமணி நேரத்தில் தலைவலி வந்துவிடுகிறது. 1200 மில்லிமீட்டர் விசிறி சுற்றும் வட்டத்துக்கு வெளியே, நான்கு மூலைகளில் நான்கு பலகைகளாகப் பிரித்த பிறகே அது தீர்ந்தது. கூரை முழுவதும் ஒரே ஒளிப்பரப்பு என்ற அழகு அதோடு போய்விட்டது.

மின்சாரத்திலும் ஒரு பாடம் கற்றேன். மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் பட்டை ஐந்து மீட்டருக்கு 72 வாட் கேட்கும். 12 வோல்ட்டில் அது 6 ஆம்பியர். கடைக்காரர் 5 ஆம்பியர் அடாப்டரே போதும் என்றார். இரண்டாவது வாரம் அறையில் பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்தது. அடாப்டரைத் தொட முடியவில்லை. தேவையைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடுதல் திறன் உள்ளதை வாங்க வேண்டும். 24 வோல்ட் பட்டை என்றால் கடைசி முனை மங்குவதும் குறையும். முக்கியமாக, தெர்மாகோலைப் பட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது. எளிதில் தீப்பிடிக்கும் பொருள் அது.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் வெண்மையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. தண்டவாளத்தை ஒட்டிய தெரு. காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் கோடு போடலாம். வெள்ளை அறையில் ஒரு சார்ஜர் கம்பி கிடந்தாலும் கண் அங்கேதான் போகிறது. காப்பித் தம்ளரின் வட்டம், அகராதிகளின் பழுப்பு அட்டை, அச்சகத்திலிருந்து வந்த தாள் கட்டு என்று என் தொழிலுக்கு வேண்டிய எல்லாமே அந்த அறைக்கு அழுக்காகத் தெரிந்தன.

மழை இரவு

'பிளேட் ரன்னர்' பார்த்தவர்கள் நியான் பலகைகளைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். அந்தப் படத்தின் உட்புறக் காட்சிகளை உருவாக்குவது, ஜன்னல் பட்டைத் திரை வழியாக வெளியிலிருந்து சாய்வாக விழும் வெளிச்சம். நாயகனின் வீட்டுச் சுவர்கள், ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்து 1924இல் லாஸ் ஏஞ்சலஸில் கட்டப்பட்ட எனிஸ் இல்லத்தின் பூவேலைக் கான்கிரீட் கட்டிகளைப் பின்பற்றியவை. எதிர்காலத்தைக் காட்ட அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய சுவரை எடுத்தாண்டிருக்கிறார்கள்.

நண்பர் இதைப் புரிந்துகொண்டு செய்தார். நியான் எழுத்து எதுவும் வாங்கவில்லை. ஒரு பக்கச் சுவரில் மட்டும் அரை மீட்டர் சதுரப் பிவிசி புடைப்புப் பலகைகளை ஒட்டி, சிமெண்ட் நிறம் அடித்தார். ஜன்னலுக்கு அலுமினியப் பட்டைத் திரை. ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடின் கீழே, மழைக்குத் தாங்கும் ஒரு சிறிய விளக்கை உள்ளே பார்த்தபடி பொருத்தினார். அந்த ஒரு விளக்குதான் முழு அறையையும் செய்கிறது. படத்தின் தொடக்க விசாரணைக் காட்சியில் கூரை விசிறி ஒன்று மெதுவாகச் சுற்றும். என் வெள்ளை அறையைக் கெடுத்த விசிறி அவர் அறையில் படத்தின் அங்கமாகவே இருக்கிறது.

படத்தில் ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம் புகை. வீட்டில் அதற்கு வழியில்லை என்று நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நண்பரின் அம்மா சாம்பிராணி தூபத்தோடு அறை அறையாக வந்தார். அவர் கடந்துபோன பிறகு பட்டைத் திரை வழியாக வந்த வெளிச்சம் பத்துப் பன்னிரண்டு கற்றைகளாகப் பிரிந்து, புகை மெல்லச் சுருள, சுவர்வரை நீண்டு நின்றது. நாங்கள் இருவரும் வேலையை நிறுத்திவிட்டு அது கலையும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம். என் வெள்ளை அறை எட்டு மாதத்தில் ஒருமுறைகூட இப்படி ஒரு காட்சியைத் தரவில்லை.

அழகில் மூன்றில் இதற்குத்தான் முதல் இடம். ஆனாலும் என் தொழில் செய்பவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். இருட்டறையில் பிரகாசமான திரையை மணிக்கணக்கில் பார்த்தால் கண் களைத்துப்போகும். நண்பர் மானிட்டருக்குப் பின்னால் 6500 கெல்வின் வெண்ணொளிப் பட்டை ஒன்றை மங்கலாக எரிய விடுகிறார். காட்சியின் வண்ணத்தைச் சரியாகக் கணிக்க அது உதவுகிறது, கண்ணுக்கும் இதம். அவர் தொழிலுக்கு இருட்டே வேண்டும். தாளில் படிக்கும் எனக்கு அந்த அறையில் பேனாவைக்கூடத் தேட வேண்டியிருக்கிறது. வீடியோ அழைப்பில் முகம் திரையின் வெளிச்சத்தில் வெளிறித் தெரிவதும் இன்னொரு குறை.

சரக்குக் கப்பல்

ரிட்லி ஸ்காட்டின் 'ஏலியன்' கப்பல் விண்வெளியில் தாதுவை இழுத்துச் செல்லும் பழைய வண்டி. அங்கே இருப்பவர்கள் கூலிக்கு வேலை பார்ப்பவர்கள். தாழ்வான கூரை, தலைக்கு மேல் குழாய்கள், கைபட்டுத் தேய்ந்த சுவிட்சுகள், மேசைமேல் காப்பிக் கோப்பைகள். கப்பலின் உட்புறத்தை வரைந்த ரான் காப் ஒவ்வொரு கதவுக்கும் சின்னங்கள்கூட வரைந்தார்: இங்கே காற்றழுத்தம் உண்டு, இங்கே செயற்கை ஈர்ப்பு உண்டு என்று சொல்லும் சிறு சதுரக் குறிகள். கலை இயக்குநர் ரோஜர் கிறிஸ்டியனின் முறை, பழைய விமானங்களின் உதிரிகளை வாங்கிவந்து சுவரெங்கும் பதிப்பது. செலவைக் குறைக்கச் செய்தது. அதுவே அந்தக் கப்பலுக்கு உண்மைத்தன்மையைக் கொடுத்தது.

இந்தத் தகவல் எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. சென்னையில் உள்ளவர்களுக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. விமான உதிரி கிடைக்காவிட்டாலும், கழற்றிப்போட்ட கார்களின் மீட்டர்கள், காற்றுத் துளைத் தடுப்புகள், அலுமினிய மூடிகள் எடைக்குக் கிடைக்கின்றன. டாகிள் சுவிட்சுகளும் சிறு காட்டி விளக்குகளும் ரிச்சி தெருவில் வாங்கினேன். வாஷிங் மெஷினின் நெளிவுக் குழாய்க்குச் சாம்பல் நிறம் அடித்தால் கப்பல் குழாயாகிவிடுகிறது. மேசையின் வயர்கள் அத்தனையும் அதற்குள் போய்விட்டன.

சுவருக்கு 5 மில்லிமீட்டர் பிவிசி ஃபோம் பலகை. கத்தியால் வெட்டலாம், மழைக்காலத்தில் எம்டிஎஃப் எனப்படும் மரநார்ப் பலகை போல ஊதாது. வெட்டிய துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, மூலைகளை நாற்பத்தைந்து பாகையில் சரித்து, முழுதும் மங்கிய சாம்பல் அடித்தேன். அதன்பிறகு செய்ததுதான் முக்கியம். கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தைத் தண்ணீர்போலக் கரைத்துப் பூசி, காய்வதற்குள் பழைய வேட்டித் துணியால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் துடைக்க வேண்டும். இடுக்குகளில் கறுப்பு தங்கிவிடும், மேடுகள் வெளுக்கும். பிறகு வெள்ளி வண்ணத்தில் தோய்த்த தூரிகையைக் காகிதத்தில் ஏறக்குறையக் காயும்வரை துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் உரச வேண்டும். கைபடும் இடத்தில் வண்ணம் போய் உலோகம் தெரிவதுபோல் ஆகிவிடும். முதல் பலகையில் இதைச் செய்து முடித்தபோது இரவு பதினொன்றரை. பத்து வருடம் ஓடிய ஓர் இயந்திரத்தின் மூடி என் கையில் இருந்தது.

குறைகள் இதற்கும் உண்டு. வேலை நீண்டது, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் செய்ததால் நான்கு மாதம் ஆனது. அடர் சாம்பல் சுவர் சிறிய அறையை இன்னும் சிறிதாக்கும். மேற்கு வெயில் நேரத்தில் புழுக்கமும் கூடுதலாகத் தோன்றுகிறது. எங்கே நிறுத்துவது என்பதும் சிக்கல்தான். நான்கு சுவரையும் மூடியிருந்தால் மூச்சு முட்டியிருக்கும், இரண்டோடு நிறுத்திக்கொண்டேன்.

வேறு இரண்டு வழிகளையும் யோசித்தேன். 'டிரான்' படத்தின் வகை ஒளிக்கோடுகள் புகைப்படத்தில் அருமை. ஆனால் பளபளக்கும் கறுப்புப் பரப்பில் ஒவ்வொரு கைரேகையும் தெரியும் என்பதால் விட்டுவிட்டேன். 'ஸ்டார் டிரெக்' தொடரின் 1987க்குப் பிந்தைய கட்டுப்பாட்டுப் பலகைகள் குறைந்த செலவில் செய்ய விரும்புவோருக்கு நல்ல தேர்வு. மைக்கேல் ஒக்குடா வடிவமைத்த அவை பெரும்பாலும் அக்ரிலிக்குக்குப் பின்னால் வைத்து வெளிச்சம் பாய்ச்சிய வண்ணத் தாள்களே. நம் ஊரில் பேக்லிட் ஃபிளெக்ஸ் அச்சடிக்கும் கடை எந்தத் தெருவிலும் இருக்கிறது. அப்படி ஒரு பலகையைச் செய்து, என் கப்பலின் இடது சுவரில் பதித்திருக்கிறேன்.

வெளிச்சத்தில் மட்டும் படத்தை விட்டு விலகினேன். அந்தக் கப்பலின் மங்கலில் மெய்ப்புப் பார்க்க முடியாது. வெள்ளை அறையிலிருந்து கழற்றிய அக்ரிலிக் பலகைகளில் ஒன்றை மேசைக்கு நேர் மேலே தொங்கவிட்டேன். சுற்றிலும் சாம்பல் சுவர் மங்கலாக நிற்க, மேசைமீது மட்டும் அந்த 4000 கெல்வின் வெண்மை விழுகிறது. மூலையில் தூசி படிந்தால் இப்போது கவலையில்லை. கப்பலுக்கு வயது கூடுகிறது.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல இன்னொன்று உண்டு. வெள்ளைப் பலகைகளை இருபக்க ஒட்டுப்பட்டையில் ஒட்டியிருந்தேன். கழற்றியபோது சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாகக் கூடவே வந்தது. பட்டி வைத்து, வண்ணம் அடித்து மூடுவதற்கு இரண்டு நாள் கூலி கொடுத்தேன். கப்பலை அப்படிச் செய்யவில்லை. துளையிட்ட இரும்புக் கோணச் சட்டங்களை, புத்தக அலமாரி போல, சுவரைத் தொடாமல் நிறுத்தி அவற்றின்மேல் பலகைகளை முடுக்கியிருக்கிறேன். ஆறு பலகை, நாற்பத்தெட்டு போல்ட், ஒரு ஸ்பானர். வீடு மாறும் நாளில் ஒரு குட்டியானை வண்டியில் கப்பல் ஏறிவிடும்.