தோளுக்குப் பின்னால் ஓடுபாதை: வெப்கேமா, அகச்சிவப்பு கிளிப்பா, வி.ஆர். ஹெட்செட்டா?

தருமபுரியில் இருந்து தொப்பூர் கணவாயைத் தாண்டி இறங்கினால் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். கணினியில் விமானம் ஓட்டிப் பழகும் சிமுலேட்டரில் நான் அதிகம் இறங்கியிருக்கும் ஓடுபாதை அதுதான். 04 ஓடுபாதைக்கு இடது சுற்றில், அதாவது இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பி இறங்கும் சுற்றில், ஓடுபாதைக்கு இணையாக எதிர்த்திசையில் வரும்போது வலது முன்பக்கம் தூரத்தில் மேட்டூர் நீர்த்தேக்கம் தெரியும். ஓடுபாதை இடது தோளுக்குக் கீழே பின்னோக்கி நகர்ந்துகொண்டே போகும். அதன் முனை இறக்கைக்கு 45 டிகிரி பின்னால் போனதும் திரும்ப வேண்டும். விமானத்தின் மூக்கில் இருந்து கணக்குப் பார்த்தால் 135 டிகிரி. அந்த ஒரு பார்வைக்காகத்தான் தலை அசைவைப் பிடிக்கும் கருவியே எனக்குத் தேவைப்பட்டது. ஜாய்ஸ்டிக் பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்வையை மாற்றி, ஓடுபாதையைத் தேடிவிட்டு முன்னால் திரும்புவதற்குள் விமானம் நூறடி இறங்கியிருக்கும்.

வெப்கேமில் தொடங்கி, ஹெட்போனில் மாட்டும் அகச்சிவப்பு கிளிப்புக்குப் போய், இப்போது கண்ணில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். (மெய்நிகர்) ஹெட்செட்டான குவெஸ்ட் 3 வைத்திருக்கிறேன். ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகனிடம் வால்வ் இண்டெக்ஸ் என்ற இன்னொரு ஹெட்செட் இருக்கிறது. நான்கையும் இதே சேலம் சுற்றில் வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

மானிட்டரில் பறப்பவர்களுக்கு ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. தலையை நிஜமாகவே 135 டிகிரி திருப்பினால் திரையே கண்ணில் படாது. கண் திரையில் இருக்க வேண்டும் என்றால் தலை சுமார் 27 டிகிரிதான் திரும்பலாம். அதை மென்பொருள் ஐந்தால் பெருக்கிக் காட்டுகிறது. சென்சிடிவிட்டி என்பது இந்தப் பெருக்கல்தான். தலை அசைவோடு கருவியின் நடுக்கமும் சேர்ந்தே பெருகும். 0.1 டிகிரி நடுக்கம் அரை டிகிரி ஆகிவிடும். 1920 புள்ளி அகலத் திரையில் 60 டிகிரி காட்சி என்று வைத்துக்கொண்டால் ஒரு டிகிரிக்கு 32 புள்ளி, அரை டிகிரிக்கு 16 புள்ளி. உயரமானியின் எண்ணைப் படிக்க விடாமல் செய்ய அது போதும். வி.ஆர். ஹெட்செட்டில் இந்தப் பெருக்கலே கிடையாது. தலை ஒரு டிகிரி திரும்பினால் காட்சியும் ஒரு டிகிரி. விலைக்கும் பிக்சலுக்கும் முன்னால் நான் பார்ப்பது இந்தப் பெருக்கல் எண்ணைத்தான்.

வெப்கேம் வழிக்குப் பெரிய செலவு இல்லை. ஓபன்ட்ராக் இலவச மென்பொருள். முகத்தைக் கண்டுபிடிக்கும் நியூரல்நெட் டிராக்கர் அதிலேயே இருக்கிறது. தலையில் எதையும் மாட்ட வேண்டாம். ஆனால் சாதாரண வெப்கேம் வினாடிக்கு 30 படம்தான் எடுக்கும், அதாவது 33 மில்லிவினாடிக்கு ஒன்று. வெளிச்சம் குறைந்தால் பல வெப்கேம்கள் தாமாகவே 15 படத்துக்கு இறங்கிவிடும். மாலை ஆறரை மணிக்கு விளக்குப் போடாமல் உட்கார்ந்து, தலையைத் திருப்பியபின் காட்சி தாமதித்து வந்ததைப் பார்த்து மென்பொருளைக் குறை சொல்லியிருக்கிறேன். முகத்துக்கு நேராக ஒரு மேசை விளக்கு வைத்ததும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. மீதிப் பாதி தீராது. கேமரா முகத்தை ஊகிக்கிறது, அந்த ஊகம் படத்துக்குப் படம் கொஞ்சம் மாறுகிறது, அதை நாம் ஐந்தால் பெருக்குகிறோம்.

கிளிப்பில் ஊகத்துக்கு இடமில்லை. ஹெட்போனில் மாட்டிய மூன்று புள்ளிகள் ஒளியை எதிரொளிக்கும் அல்லது தாமே எரியும். அகச்சிவப்பை மட்டும் பார்க்கும் கேமரா அந்த மூன்றின் இடைவெளியை வைத்துத் தலையின் திசையையும் இடத்தையும் கணக்கிடும். கடையில் கிடைக்கும் இந்த வகைக் கருவியான ட்ராக்ஐஆர் 5 வினாடிக்கு 120 படம் எடுக்கிறது. வெப்கேமில் இருந்து இதற்கு மாறிய முதல் நாள், வேகமானியின் முள்ளைக் காட்சி நடுங்காமல் பார்த்தேன். அந்த நிம்மதி இன்றும் நினைவில் இருக்கிறது.

அதற்கு எதிரி வெயில். என் அறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. ஒரு நாள் நாலரை மணி வாக்கில் பார்வை திடீர் திடீரென்று காக்பிட் கூரைக்குத் தாவியது. கேபிளை மாற்றினேன், மென்பொருளைத் திரும்ப நிறுவினேன், பயனில்லை. கடைசியில் கேமரா பார்க்கும் படத்தைத் திறந்து பார்த்தால் மூன்று புள்ளிக்கு நான்கு புள்ளி. பின்னால் அலமாரியில் இருந்த எவர்சில்வர் சொம்பில் வெயில் பட்டு அதுவும் ஒரு புள்ளியாகியிருந்தது. சொம்பை எடுத்து வைத்து, ஜன்னலுக்குத் தடித்த திரைத்துணி போட்டேன். அப்புறம் அந்தத் தாவல் வரவே இல்லை.

கைவேலை தெரிந்தவர்கள் இதே கிளிப்பை மூன்று அகச்சிவப்பு எல்.இ.டி. வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம். கேமராவுக்குப் பழைய பிளேஸ்டேஷன் 3-இன் 'ஐ' (Eye) கேமரா போதும். உள்ளே இருக்கும் அகச்சிவப்புத் தடுப்பு வில்லையை எடுத்துவிட்டு, பழைய ஃப்ளாப்பியின் கறுப்புத் தகட்டை வெட்டி முன்னால் ஒட்டினால் அது சாதாரண வெளிச்சத்தைத் தடுத்து அகச்சிவப்பை விட்டுவிடும்.

நடுக்கத்தைக் குறைக்க எல்லாரும் முதலில் ஸ்மூத்திங்கை, அதாவது அசைவைச் சீராக்கும் அளவை, ஏற்றுவார்கள். ஏற்றினால் நடுக்கம் குறையும், தாமதம் கூடும். இந்த இழுபறிக்கு நல்ல வழி காட்டியது 2012-ல் ஜெரி கேசியே, நிக்கோலா ரூசெல், டேனியல் வோகல் மூவரும் வெளியிட்ட ஒன் யூரோ ஃபில்டர். அசைவு மெதுவாக இருந்தால் நன்றாகச் சீராக்கிவிடும், வேகமாக இருந்தால் அப்படியே விட்டுவிடும். தலையை ஆட்டாமல் அளவுமானியைப் படிக்கும்போதுதானே நடுக்கம் கண்ணில் படுகிறது? சட்டென்று தோளுக்குப் பின்னால் பார்க்கும்போது தாமதம்தான் உறுத்தும். ஓபன்ட்ராக்கில் இருக்கும் அக்செலா என்ற ஃபில்டரும் இதே போக்கில்தான் வேலை செய்கிறது. இதோடு பெருக்கல் வளைவை நடுவில் தட்டையாகவும் ஓரத்தில் செங்குத்தாகவும் வரைந்துவிடுங்கள். முதல் ஐந்து டிகிரிக்குக் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று, அதன்பின் ஏற்றம். முன்னால் பார்க்கும்போது நடுக்கம் பெருகாது, பின்னால் பார்க்கும்போது கொஞ்சம் பெருகினாலும் பரவாயில்லை.

ஹெட்செட் கதை வேறு. அங்கே ஸ்மூத்திங்கை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. தலை அசைந்து காட்சி மாறுவதற்குள் 20 மில்லிவினாடிக்கு மேல் போகக் கூடாது என்பது வி.ஆரில் பொதுவான இலக்கு. அதைத் தாண்டினால் அசைவை உணரும் உள்காது ஒன்று சொல்லும், கண் வேறொன்று சொல்லும், குமட்டல் வந்துவிடும். ஆகவே ஹெட்செட்டில் நடுக்கம் வந்தால் அது வரும் இடத்திலேயே தீர்த்தாக வேண்டும். பெரும்பாலும் அந்த இடம் நம் அறைதான்.

குவெஸ்ட் 3 தன் கேமராக்களால் அறையைப் பார்த்துத் தன் இடத்தைத் தெரிந்துகொள்கிறது. தலை திரும்பும் வேகத்தை உள்ளே இருக்கும் கைரோ என்ற உணரி மிக வேகமாக அளந்துகொண்டே இருக்கும். அந்தக் கணக்கு மெல்ல மெல்ல விலகிப் போவதைக் கேமரா பிடித்துத் திருத்தும். கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள விளிம்பும் மூலையும் படமும் வேண்டும். எங்கள் வீட்டில் புதிதாக வெள்ளையடித்த சுவரைப் பார்த்து உட்கார்ந்தபோது காக்பிட் மெல்ல மிதந்தது. அந்தச் சுவரில் ஒரு தினசரி காலண்டரை மாட்டியதும் மிதப்பு நின்றது. ஆனால் மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தபோது திரும்பவும் லேசாக ஆடியது. கீழே இரண்டு குண்டூசி குத்தி வைத்திருக்கிறேன்.

மின்விசிறிக்கு மேலே விளக்கு இருந்தால் அதையும் கவனியுங்கள். இறக்கைகளின் நிழல் சுவரெங்கும் ஓடும், கேமராவுக்கு அறையே நகர்வது போலத் தெரியும். விளக்கைப் பக்கச் சுவருக்கு மாற்றுவதே சரி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய சோக் வைத்த டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மினுக்கும். குவெஸ்ட்டின் அமைப்புகளில் டிராக்கிங் அதிர்வெண் என்று ஒன்று இருக்கிறது, அதை 50-ல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வெயில் படும் இடத்தில் ஹெட்செட்டைக் கழற்றி வைக்காதீர்கள். லென்ஸ் வழியே குவியும் வெயில் உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும்.

ஆடுவது திசையா இடமா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை உண்டு. சிமுலேட்டரில் விமானத்தை நிறுத்தி வைத்து, தலையை அசைக்காமல் முதலில் அளவுமானியையும் அப்புறம் தூரத்து மலையையும் பாருங்கள். இரண்டும் நடுங்கினால் திசைக் கணக்கில் கோளாறு. அளவுமானி மட்டும் நடுங்கி மலை அசையாமல் இருந்தால் இடக் கணக்கில் கோளாறு, அதாவது கேமராவும் அறை வெளிச்சமும். 70 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் அளவுமானி ஒரு மில்லிமீட்டர் ஆட்டத்துக்கு 0.08 டிகிரி நகரும். சேர்வராயன் மலைக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் ஒன்றுமே இல்லை. புரொப்பெல்லரைச் சுற்றி மட்டும் காட்சி நெளிந்தால் டிராக்கிங்கைத் தொடவே வேண்டாம். கணினி போதிய வேகத்தில் படம் வரைய முடியாமல், இடையில் செயற்கைப் படங்களைச் செருகுவதால் வரும் நெளிவு அது. காட்சித் தரத்தைக் குறைத்தால் போகும்.

ஹெட்செட்டுக்கு எதிராக நான் சொல்வது ஒன்றே ஒன்று, கழுத்து. 135 டிகிரியை உடம்பால் திரும்பியே பார்க்க வேண்டும். அரைமணி நேரம் சுற்றுப் பயிற்சி செய்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். குறிப்பிட்ட கோணத்துக்கு மேல் காட்சியைக் கூடுதலாகத் திருப்பித் தரும் சிறு மென்பொருள்கள் இருக்கின்றன. பயன்படுத்திப் பார்த்தேன், வயிறு கலங்கியது, விட்டுவிட்டேன். சுழலும் நாற்காலி போதும்.

இண்டெக்ஸ் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறை மூலைகளில் வைக்கும் இரண்டு பெட்டிகள் லேசர் கதிரை வீசும், ஹெட்செட் அதை உணர்ந்து தன் இடத்தைக் கணக்கிடும். இருட்டறையிலும் வேலை செய்யும், சுவர் வெள்ளையாக இருந்தாலும் கவலையில்லை. சரியாக மாட்டினால் நான் பார்த்ததில் நடுக்கம் மிகக் குறைவு இதில்தான். ஆனால் அக்கா மகன் வீட்டில் முதல் நாள் காக்பிட் துள்ளியது. "மாமா, கண்ணாடி பீரோவைப் பாருங்க" என்று அவனே கண்டுபிடித்தான். பீரோவின் நிலைக்கண்ணாடியில் பட்டுத் திரும்பிய கதிரையும் ஹெட்செட் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தது. மேலே ஒரு போர்வையைத் தொங்கவிட்டோம், துள்ளல் போனது. பெட்டியை அலமாரித் தட்டில் சும்மா வைக்காமல் சுவரில் திருகிப் பொருத்தவும் வேண்டும், அது அதிர்ந்தால் காக்பிட்டும் அதிரும்.

இறங்கும்போது ஓடுபாதை எவ்வளவு கீழே இருக்கிறது என்று கண்ணாலேயே தெரிவது ஹெட்செட்டில் மட்டும்தான். அதற்காகவே நான் சுற்றுப் பயிற்சிக்கு அதை எடுக்கிறேன். சேலத்தில் கிளம்பி, தொப்பூர் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, கிருஷ்ணகிரி அணையைப் பார்த்துக்கொண்டே ஓசூர் பேளகொண்டப்பள்ளி ஓடுதளம் வரை நிதானமாகப் போகிற நாளில் கிளிப்தான். மடியில் வரைபடத்தை விரித்து, பென்சிலால் நேரம் குறித்து, பக்கத்தில் இருக்கும் காபியையும் குடித்துக்கொண்டே போகலாம்.