கத்தரிக் காய்ப்புழு: வேப்பங்கொட்டையா, பொறியா, ஒட்டுண்ணிக் குளவி அட்டையா?

வாடித் தொங்கும் கத்தரிக் குருத்து ஒன்றைக் கிள்ளி, நகத்தால் நீளவாக்கில் பிளந்து பாருங்கள். குடைந்த வழி நெடுக ஈரமான எச்சம், அது முடியும் இடத்தில் இளஞ்சிவப்பாக ஒரு புழு. இதுதான் காய்ப்புழு என்கிற தண்டு மற்றும் காய்த்துளைப்பான். இயற்கை முறையில் கத்தரி போடும் எல்லோரும் முதலில் கேட்பது இதற்கு என்ன அடிக்கலாம் என்றுதான்.

அதற்கு முன் இதன் வாழ்க்கையைப் பார்த்துவிடுவோம். தாய் அந்துப்பூச்சி இரவில் வந்து, பெரும்பாலும் இலைக்கு அடியில், ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். மூன்று முதல் ஆறு நாளில் முட்டை பொரிக்கும். பொரித்த புழு சில மணி நேரத்தில் குருத்தையோ காயையோ துளைத்து உள்ளே போய், எச்சத்தால் வாசலை அடைத்துக்கொள்ளும். அப்புறம் இரண்டு மூன்று வாரம் உள்ளேயேதான் இருக்கும். நாம் தெளிக்கும் எதுவும் அதன்மேல் படாது. தெளிப்புக்குக் கிடைப்பது அந்தச் சில மணி நேரம் மட்டும்தான். அதை வைத்துத்தான் எல்லா முறைகளையும் எடைபோட வேண்டும்.

முதலில் வேப்பங்கொட்டைக் கரைசல். 10 லிட்டர் டேங்குக்கு அரைக் கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, கொஞ்சம் காதி சோப்பும் கரைத்தால் 5 சதவீதக் கரைசல் தயார். இது அந்துப்பூச்சியை முட்டையிட விடாமல் விரட்டும், இளம்புழுவைத் தின்ன விடாது. ஆனால் வெயில் பட்டால் வீரியம் போய்விடும். அதனால் சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். காலை பத்து மணிக்கு மேலாக அடித்துவிட்டு வேம்பு வேலை செய்யவில்லை என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கொட்டை பழசாக இருந்தாலும் பலன் இருக்காது. கோடையில் பொறுக்கி நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டிவைத்தால் செலவும் இல்லை.

பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்ற பாக்டீரியாத் தெளிப்புக்கும் இதே சிக்கல்தான். புழு அதைத் தின்றால்தான் சாகும், வெயிலும் ஆகாது. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதால் நான் வேம்புக்குப் பின்னால்தான் வைப்பேன். அங்ககச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் எந்தத் தயாரிப்புக்கு அனுமதி உண்டு என்று ஆய்வாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். 2010இல் மத்திய அரசு நிறுத்திவைத்த மரபணு மாற்றப்பட்ட பி.டி. கத்தரி வேறு. இந்தத் தெளிப்பு வேறு.

பெண் அந்துப்பூச்சியின் வாசனையை வைத்து ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டும். பக்கத்து வயலில் இணைசேர்ந்துவிட்ட பெண் பறந்து வந்து முட்டை வைத்தால் பொறி ஒன்றும் செய்ய முடியாது. 30 சென்ட் தோட்டத்தில் இதை மட்டும் நம்புவது வீண். ஆனாலும் ஏக்கருக்கு ஐந்து வைத்து, காலையில் எத்தனை விழுந்திருக்கிறது என்று எண்ணிவாருங்கள். எண்ணிக்கை கூடும் வாரத்தில்தான் மற்ற வேலைகளை முடுக்க வேண்டும்.

டிரைக்கோகிரம்மா அட்டைதான் எனக்குப் பிடித்தது. டிரைக்கோகிரம்மா என்பது குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி. காய்ப்புழுவின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைத்துவிடும், புழு பிறக்கவே பிறக்காது. இந்தக் குளவி உள்ளே வளரும் முட்டைகளை ஒட்டிய காகிதம்தான் அட்டை. ஒரு சி.சி. (கன சென்டிமீட்டர்) அட்டையில் ஏறத்தாழ 20,000 முட்டைகள் இருக்கும். ஆனால் பாங்கு தெரியாமல் கட்டினால் காசு போச்சு. அட்டையில் குளவி வெளிவரும் தேதி எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். மாலையில் துண்டுகளாக வெட்டி இலைக்கு அடியில் பின் அடியுங்கள். வெயிலில் விட்டால் காய்ந்துபோகும், எறும்பு ஏறினால் தின்றுவிடும். அந்த ஓரிரு நாள் எதையும் தெளிக்காதீர்கள், வேம்பையும் சேர்த்துத்தான். காய்ப்புழு ஒரே இடத்தில் முட்டையைக் குவிக்காது என்பதால் குளவிக்கும் தேடல் அதிகம். ஒருமுறை கட்டினால் போதாது, வாராவாரம் கட்ட வேண்டும்.

இத்தனைக்கும் மேலாக நான் முதலிடம் கொடுப்பது வெறும் கத்தரிக்கோலுக்கு. வாடிய குருத்தைத் துளைக்குக் கீழே ஓர் அங்குலம் விட்டு வெட்டுவது ஒன்றுதான் உள்ளே போன புழுவையும் பிடிக்கும் வழி. நட்ட மூன்றாம் வாரத்திலிருந்து, காய் பிடிக்கும் முன்பே வாரம் இருமுறை வெட்டினால், காயைத் துளைக்க வரும் அடுத்த தலைமுறை குறைந்துவிடும். ஆள்கூலிதான் செலவு. சொத்தைக் காயையும் சேர்த்தே பறித்துவிடுங்கள்.

ஒன்றே ஒன்று, வெட்டியதை வரப்பில் போடாதீர்கள். புழு ஊர்ந்து வெளியேறிச் சருகுக்குள் கூடு கட்டிவிடும். சோப்புத் தண்ணீர் வாளியில் முக்கிவையுங்கள், இல்லை எரித்துவிடுங்கள். பறிப்பு முடிந்ததும் விறகுக்கென்று தோட்டத்து ஓரம் அடுக்கிவைக்கும் காய்ந்த கத்தரிச் செடிகளும் அப்படித்தான். அந்தக் குவியலிலிருந்து வரும் அந்துப்பூச்சிதான் அடுத்த நாற்றுக்கு முதலில் வந்து சேர்கிறது.