ரீலோடா பில்லா? ரெண்டரை வருஷம் போஸ்ட்பெய்ட் பாவிச்ச கதை

இலங்கை மலையகத்துல மஸ்கெலியா பக்கம் தேயிலைத் தோட்டத்துல இருந்து ஹட்டன்ல கடை வேலைக்குப் போய் வர்ற ஆள் நான். மொத ஃபோன்ல இருந்தே முன்னாடியே காசு போட்டு (ரீலோட்) பேசுற பிரீபெய்ட் தான், 2021 கடைசியில மாசாமாசம் பில் வர்ற போஸ்ட்பெய்டுக்கு மாறி 2024 நடுவுல திரும்ப ரீலோடுக்கே வந்துட்டேன்.

மாறினது தங்கச்சியோட ஒன்லைன் கிளாஸுக்காக. ஸூம்ல பாடம் போயிட்டிருக்கும் போதே டேட்டா முடிஞ்சிரும், பெக்கேஜ்ல பாதிய நைட் டேட்டான்னு குடுத்திருப்பான், நடுராத்திரிக்கு மேல எந்த டீச்சர் பாடம் எடுப்பாங்க சொல்லுங்க, ரீலோட் போட கடைக்கு எறங்கி ஏறுறதுக்குள்ள கிளாஸே முடிஞ்சிரும்.

அப்ளை பண்ணப் போனா அட்ரஸ் பிரச்சினை. ஐடி கார்ட் இருக்கு, ஆனா வீட்டு நம்பர் வேணுமாம், கரண்ட் பில் வேணுமாம். லயத்து காம்பராவுக்கு, அதான் தோட்டத்து வரிசை வீட்டு ரூமுக்கு, ஏதுங்க நம்பர்? தோட்டத்து பேரு, டிவிஷன் பேரு, அவ்வளவு தான் நம்ம அட்ரஸ். கரண்ட் பில்லும் நம்ம பேருல இல்ல. ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க, கிராம சேவகர்கிட்ட கடிதம் எடுத்துட்டு போன பிறகு தான் குடுத்தாங்க, டெபொசிட் வேற.

நல்லதையும் சொல்லணும். மொத ஆறு மாசம் நிம்மதி. அம்மா ஆஸ்பத்திரியில இருந்த வாரம் பெலன்ஸ் பாக்காம கோல் எடுத்தேன், அதுக்காகவே அந்தக் காசு தகும்னு நெனச்சேன்.

சிக்கல் திகதியில தான். பில் மாசக் கடைசியில வரும், கட்ட வேண்டிய நாள் 7. எங்க வீட்டுல காசு பொழங்குறது தோட்டத்து சம்பளம் வர்ற 10ஆந் திகதிக்கு அப்புறம். இதுல பில் கடுதாசி தோட்டத்து ஆபீஸ்ல கெடந்து, நம்ம கைக்கு வர்றதுக்குள்ள நாள் தாண்டிரும். மூணு தடவ அவுட்கோயிங் கட் ஆச்சு, ஹொட்லைனுக்கு எடுத்து சொன்னா மொதல்ல காச கட்டுங்க, அப்புறம் பேசலாம்னு சொல்லிட்டாங்க. கடுதாசிக்குப் பதிலா ஒன்லைன்ல வர்ற ஈபில் போட்டுக்கிட்ட பிறகு கடுதாசி தொல்ல தீந்துச்சு, 10ஆந் திகதி தொல்ல தீரல.

2022 செப்டம்பர்ல மொபைல் கட்டணம் 20 வீதம் ஏறுச்சு, 2024 ஜனவரியில வெட் (VAT) வரி 15 வீதத்துல இருந்து 18 வீதம் ஆச்சு. பிரீபெய்டுக்கும் ஏறுச்சு தான், ஆனா அதுல கையில காசில்லாத மாசம் சின்ன பெக்கேஜ் போட்டு சமாளிக்கலாம், போஸ்ட்பெய்ட் மாச ரென்டல் நம்ம நெலம பாக்காது.

சிக்னலுக்கு எதுவும் வித்தியாசமில்ல. 2022ல மணிக்கணக்கா கரண்ட் போனப்ப டவர் பேட்டரியும் செத்துச்சு, பிரீபெய்ட் போஸ்ட்பெய்ட் ரெண்டுமே ஊமை. இப்ப ரெண்டு கம்பெனி பிரீபெய்ட் சிம் வச்சிருக்கேன், ஒண்ணு காம்பராவுல எடுக்கும், இன்னொண்ணு ஹட்டன்ல. எத எடுத்தாலும் மொதல்ல உங்க வீட்டுக்குள்ள ஒரு வாரம் போட்டுப் பாருங்க, டவுன்ல நாலு கோடு காட்டுறத நம்பாதீங்க. விடுறப்ப கடைசி பில்ல கட்டிட்டு டெபொசிட்ட கேட்டு வாங்குங்க, தானா வராது, நான் ரெண்டு தடவ போனேன்.

இப்ப காசில்லாட்டி லயத்து கடை அண்ணன் ரீலோட் போட்டுட்டு கொப்பியில எழுதிக்குவாரு, 10ஆந் திகதி குடுத்தா சரி. கிராம சேவகர் கடிதம் எல்லாம் அவர் கேக்கல.