விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9: எல்லாம் சரி, முருகேசனைத் தவிர

அரிசி மண்டிக் கணக்குக்குச் சின்னதாக ஒரு டேட்டாபேஸ் எழுத வேண்டும், மைக்ரோசாஃப்டின் பழைய டேட்டாபேஸ் மென்பொருளான ஃபாக்ஸ்புரோவா, இன்னொரு டேட்டாபேஸான எஸ்க்யூலைட்டா (SQLite) என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் பல வருடங்களாக ஃபாக்ஸ்புரோவில்தான் பில்லிங் ஓட்டுகிறேன். போனில் பேசினால் கோபம்தான் வரும், அதனால் எழுதிவிடுகிறேன்.

வேகத்தில் குறையே இல்லை. இண்டெக்ஸ் (தேடுவதற்கான அட்டவணை) ஒழுங்காகப் போட்டிருந்தால் லட்சக்கணக்கான ரெக்கார்டிலும் தேடியது உடனே வரும். ஒரு டேபிள் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. மண்டிக் கணக்குக்கு அது தாராளம். எனக்கு ரொம்பப் பிடித்தது டெலிட். கொடுத்ததும் வரி போய்விடாது. டேபிளைத் திறந்து காட்டும் பிரவுஸ் விண்டோவில் அதன் இடதுபக்கக் கட்டம் கறுப்பாகும், அவ்வளவுதான். ரீகால் என்று அடித்தால் திரும்பி வந்துவிடும். பேக் (PACK) கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகவே அழியும். கடைப் பையன் அவசரத்தில் அழித்த பில்களை இப்படி எத்தனையோ தடவை மீட்டிருக்கிறேன். எஸ்க்யூலைட்டில் கமிட் ஆகிவிட்டால், அதாவது மாற்றம் உறுதியாகப் பதிவாகிவிட்டால், போனது போனதுதான்.

இப்போது எரிச்சலுக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் வந்த ‘முருகேசன்’ என்ற பெயரை எடுத்து வாடிக்கையாளர் பெட்டியில் ஒட்டினால் வரிசையாக 9 கேள்விக்குறி. கொம்பு, புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஒன்று! எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு ஃபாக்ஸ்புரோவுக்குத் தெரியாது, விண்டோஸின் பழைய எழுத்துப் பட்டியலான கோட்பேஜ்தான் தெரியும். ரஷ்யனுக்கும் கிரேக்கத்துக்கும் அப்படி ஒரு கோட்பேஜ் உண்டு, தமிழுக்குக் கிடையாது. பெயரை யுடிஎஃப்-8 ஆக (யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) மாற்றி வைத்து, காட்டுவதற்கு வெளியிலிருந்து சேர்க்கும் ஆக்டிவ்எக்ஸ் பெட்டி செருகலாம். ஒரு பெயரைக் காட்ட இவ்வளவு கூத்தா? ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவம் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் ஒப்பேற்றலாம் என்றால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே பெயர் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். இனி திருந்தவும் திருந்தாது. அடுத்த வெர்ஷன் கிடையாது என்று 2007-லேயே மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. 2015 ஜனவரியோடு சப்போர்ட்டும் முடிந்தது.

எஸ்க்யூலைட் இதில் யோக்கியம், தமிழை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளும். ஆனால் அகரவரிசை கேட்டால் யூனிகோடு எண்படிதான் அடுக்கும். கவிதாவுக்கு முன்னால் கனகா வந்து நிற்பார், தங்கத்துக்கு முன்னால் ஜெயலட்சுமி. பைத்தான் மொழியில் எழுதினால், எது முன் எது பின் என்று சொல்லும் கொலேஷன் ஃபங்ஷன் ஒன்றை நாமே எழுதிச் சேர்த்துச் சரிசெய்யலாம். அரைநாள் வேலை.

அதனால் நண்பர் எஸ்க்யூலைட்டிலேயே எழுதட்டும். ஃபாக்ஸ்புரோவுக்கு ஸ்டார் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் ரீகாலுக்கு. என் பில்லிங் மட்டும் இப்போதைக்கு அதிலேயே ஓடும். மாற்றச் சொல்லி யாரும் வர வேண்டாம்.