ஜெயிலர் 2 வருவதற்கு முன்னால் எங்கள் எல்லைத் தியேட்டர் பற்றி

நான் கொழிஞ்சாம்பாறைக்காரன். கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். வீட்டில் தமிழ், படித்தது தமிழ் மீடியம், பஸ்ஸில் எழுதியிருப்பது மலையாளம். எங்கள் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஸ்கிரீன் தியேட்டருக்கு எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதைப்பற்றி இப்போது எழுதக் காரணம், ஜெயிலர் 2, த்ரிஷ்யம் 3, வாரணாசி என்று நான் நாள் எண்ணிக் காத்திருக்கும் மூன்று பெரிய படங்கள் வர இருக்கின்றன, எதை எங்கே பார்ப்பது என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் பேச்சு ஓடுகிறது. குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் தியேட்டர் பெயரைப் போடவில்லை. சித்தூர் தாலூகாக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

முதலில் நேரம். 2023 ஜனவரியில் 'துணிவு' வெளியான அன்று சென்னையில் லாரி மேல் ஏறி ஆடிய ரசிகர் ஒருவர் விழுந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கு முதல் காட்சி காலை 9 மணி என்று ஆகிவிட்டது. கேரளத்தில் அப்படி இல்லை. அதே வருடம் அக்டோபர் 19-ஆம் தேதி 'லியோ' வந்தபோது இங்கே விடியற்காலை 4 மணிக்கே படம் ஓடியது, 2025 ஆகஸ்டில் 'கூலி' காலை 6 மணிக்கு. அதனால் பெரிய படம் வந்தால் முந்தின ராத்திரியே டிஎன் 41 வண்டிகள் பொள்ளாச்சியிலிருந்து கிளம்பி, கோபாலபுரம் தாண்டி இங்கே வந்து வரிசையில் நிற்கும். லியோ அன்று ராத்திரி 2 மணிக்கு நான் போனபோது எங்கள் கேஎல் 70 வண்டிகளைவிட அவைதான் அதிகம். நாங்கள் படம் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்து, இட்லியும் சாப்பிட்டுவிட்டோம், கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா மகன் அப்போதுதான் தியேட்டருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான்.

அந்தக் கூட்டத்தை இந்தத் தியேட்டர் நடத்துகிற விதத்துக்கே நான் முழு மார்க் போடுவேன். பைக் நிறுத்தத் தனி மைதானம், அங்கிருந்து வாசல் வரைக்கும் கயிறு கட்டிய வழி. டிக்கெட் இல்லாதவர் கேட்டுக்கு உள்ளே வரவே முடியாது. கட் அவுட் வைக்கலாம், ஆனால் அதன் மேல் ஏறக் கூடாது, பாலாபிஷேகமும் கீழே நின்றுதான். ஏறப் போன ஒரு பையனை வாட்ச்மேன் கையைப் பிடித்து இறக்கி, "தம்பி, உங்கம்மா வீட்ல காத்திட்டிருப்பாங்க, எறங்கு" என்று சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கும் அதே வயதில் தம்பி இருக்கிறான். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவனை நான் இங்கே தைரியமாக அனுப்புவேன்.

இன்னொன்று, கூட இருந்து பார்க்கும் ஜனங்கள். 2023-இல் 'ஜெயிலர்' பார்த்தபோது விநாயகன் பேசுகிற மலையாளமும் தமிழும் கலந்த பேச்சுக்கு ஒரு வரி விடாமல் சிரித்தது எங்கள் தியேட்டராகத்தான் இருக்கும், ஏனென்றால் நாங்களே தினமும் அப்படித்தான் பேசுகிறோம். மோகன்லால் வந்தபோது ரஜினி ரசிகர்களும் சேர்ந்து சீட்டை விட்டு எழுந்தார்கள். அதனால் ஜெயிலர் 2-வை நான் வேறு எங்கேயும் பார்ப்பதாக இல்லை. அதன் படப்பிடிப்பு 2025-இல் எங்கள் மாவட்டத்திலேயே, அட்டப்பாடியில் நடந்தது. என் மச்சான் லீவு போட்டுவிட்டுப் போய் ரோட்டோரத்தில் இரண்டு நாள் நின்றுவிட்டு வந்தான். அந்த மலையும் ரோடும் திரையில் வரும்போது தெரிந்த ஊரைப் பார்த்துக் கத்துகிறவர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

சரி, இப்போது குறை. ஒன்றாம் ஸ்கிரீனில் பாட்டும் சண்டையும் காது நிறையக் கேட்கிறது, பேச்சு மட்டும் அமுங்கிப்போகிறது. வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்துதான் வரும், அது இங்கே பலவீனமாக இருக்கிறது என்பது என் கணிப்பு, ஏனென்றால் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் இதே கதை. படமும் கொஞ்சம் மங்கல், ராத்திரிக் காட்சி வந்தால் யார் முகம் என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. புரொஜெக்டரில் இருக்கும் ஜெனான் விளக்கு ஓட ஓட வெளிச்சம் குறைந்துகொண்டே போகும், காலத்தில் மாற்றினால்தான் உண்டு. ஆட்டம்பாட்டப் படத்துக்கு இதெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆனால் நான் காத்திருக்கும் இரண்டாவது படம் த்ரிஷ்யம் 3, அதில் ஒரு வரி வசனம் காதில் விழாமல் போனாலும் பின்னால் ஒரு முடிச்சு புரியாது.

அந்தப் படத்துக்கு நான் ஏன் இவ்வளவு கவலைப்படுகிறேன் என்றால், முதல் பாகத்தை 2013-இல் அப்பாவோடு தியேட்டரில் பார்த்தேன், கடைசிக் காட்சியில் மொத்தத் தியேட்டரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதை இயக்கிய ஜீத்து ஜோசப்பே அதைத் தமிழில் கமலை வைத்து 'பாபநாசம்' என்று எடுத்தபோது அதையும் போய்ப் பார்த்தோம். இரண்டாம் பாகம் 2021-இல் நேராக ஓடிடிக்குப் போய்விட்டது. வீட்டில் டிவியில் பார்த்தோம், நடுவில் கரண்ட் போனது, யாரோ பால் காய்ச்ச எழுந்து போனார்கள். கதை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த அமைதி கிடைக்கவில்லை. மூன்றாவதை அப்பாவோடு தியேட்டரில்தான் பார்க்க வேண்டும், அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம், அதனால்தான் அந்த நடு ஸ்பீக்கர் எனக்கு அவ்வளவு முக்கியம்.

மூன்றாவது, ராஜமௌலியின் வாரணாசி. அதை மட்டும் இங்கே பார்க்க மாட்டேன். ஐமேக்ஸுக்கென்றே எடுக்கும் படம், கோயம்புத்தூரில் ஐமேக்ஸ் திரை இருக்கிறது, அங்கேதான் போவோம். அதோடு தெலுங்குப் படங்கள் இங்கே பெரும்பாலும் மலையாள டப்பிங்கில் வரும், அம்மாவுக்குத் தமிழில் கேட்டால்தான் திருப்தி.

டிக்கெட்டைக் கவுன்டரில் வாங்குவது நல்லது. ஒரு தடவை ஆப்பில் போட்டு, பணம் போய்விட்டது, டிக்கெட் வரவில்லை, திரும்பி வர ஆறு நாள் ஆனது. அன்றைக்குக் கவுன்டரில் இருந்தவர்தான் எங்கிருந்தோ இரண்டு சீட் தேடிக் கொடுத்தார். இடைவேளைக்குப் பழம்பொரியும் கட்டன் சாயாவும் சூடாகக் கிடைக்கும், பாப்கார்ன் நமுத்துப்போய்த்தான் இருக்கும், வாங்க வேண்டாம். பாத்ரூம் சுத்தம்.

போன வாரம் மேனேஜரைப் பார்த்து ஸ்பீக்கர் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படவில்லை, நோட்டில் எழுதிக்கொண்டார். "விஷுவுக்கு முன்னாடி ஆளைக் கூப்பிட்டு ரெண்டையும் பாக்கச் சொல்றேன் தம்பி, அப்புறம் அப்பாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார். விளக்கையும் சேர்த்துத்தான் சொன்னார். அப்போது என்ன படம் ஓடினாலும் சரி, அப்பாவோடு போய் நடு வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, எப்படி இருந்தது என்று இதற்குக் கீழேயே எழுதுகிறேன்.